படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் அஞ்சு வீட்டுக்காரங்க முறை வச்சு உதவிக்க முடியுமா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவுல இருக்கு. என் மாமியாருக்குப் போன வருஷம் தாளடி நடவு நேரத்துல பக்கவாதம் வந்துச்சு. வலது கையும் காலும் விழுந்துடுச்சு, பேச்சு வரலை, முழுங்கவும் முடியலை. மூக்கு வழியா ட்யூப் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல கட்டட வேலையில இருக்கார். மகன் ஒன்பதாவது படிக்கிறான். ஒன்பது மா நிலம், ரெண்டு மாடு. எல்லாத்தையும் நான்தான் பாக்குறேன்.

மாமியாரைப் பாத்துக்குறதுல எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. நான் கல்யாணமாகி வந்தப்ப எனக்கு நடவு நடத் தெரியாது. நாத்து முடியைக் கையில கொடுத்து, வரப்புல நின்னு சொல்லிக் கொடுத்தது அவங்கதான். இப்பவும் தலை சீவி விட்டா கண்ணை மூடிக்கிட்டு, இடது கையால என் முழங்கையைப் பிடிச்சுக்குவாங்க. எனக்கு வேண்டியது வாரத்துல ரெண்டு மூணு மணி நேரம். அந்த நேரத்துல அவங்க பக்கத்துல நம்பிக்கையான ஒரு ஆள் உக்காந்திருக்கணும்.

மாத்தி விட ஆள் இல்லாததால என்ன ஆச்சுன்னு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்துல கொட்டுனா எடை போடுற வரைக்கும் யாராவது நிக்கணும். ஈரப்பதம் பாக்க வரும்போது இருக்கணும், மழை இருட்டுனா தார்ப்பாய் இழுத்து மூடணும், ராத்திரி காவல் வேற. நான் எப்படி நிக்கிறது? களத்துலயே வியாபாரி கேட்ட விலைக்கு அள்ளிக் கொடுத்துட்டேன். தஞ்சாவூர்லேருந்து வீட்டுக்கு ஆள் அனுப்புற ஒரு இடத்துல விசாரிச்சேன். மாசம் இருபதாயிரத்துக்கு மேல, சாப்பாடு தனின்னாங்க. நமக்குக் கட்டுப்படியாகாது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வர்ற நர்ஸம்மா ஒரு நாள், "இதையேதாம்மா அடுத்த தெருவுலயும் கேட்டாங்க. நீங்கள்லாம் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறதே இல்லையா?"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் எண்ணிப் பாத்தேன். எங்க ஊர்லயும் பக்கத்து ஊர்லயுமா என்னைச் சேத்து அஞ்சு வீடு. ஒரு அண்ணன், அவர் அப்பாவுக்கு மறதி நோய். எனக்குப் பெரியம்மா முறை ஒருத்தர், அவங்க வீட்டுக்காரருக்கு நடுக்குவாதம். காலனியில ஒரு அக்கா, அவங்க மகனுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம், இப்ப பத்தொன்பது வயசு. அப்புறம் காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணு, அம்மாவை டயாலிசிஸுக்குத் திருவாரூர் கூட்டிட்டுப் போய் வருது. எல்லாரும் ஒரே கடையிலதான் டயப்பர் வாங்குறோம். ஆனா கடையில பாத்தா தலையை மட்டும் ஆட்டிட்டு வந்துடுவோம்.

முறை வச்சு ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் உக்காரலாமான்னு அந்த அண்ணன்கிட்டயும் பெரியம்மாகிட்டயும் கேட்டேன். ரெண்டு பேரும் சரின்னாங்க. ஆனா எனக்குள்ள சில தயக்கம் இருக்கு.

ட்யூப்ல கஞ்சி ஊத்துறதை இன்னொருத்தர்கிட்ட கொடுக்கலாமா? நான் ஊத்துறதுக்கு முன்னாடி மூக்குக்கிட்ட ட்யூப்ல போட்ட பேனா அடையாளம் நகர்ந்திருக்கான்னு பாப்பேன். தலைமாட்டுல ரெண்டு தலையணை கொடுத்து நிமித்துவேன். சத்துமாவுக் கஞ்சியை மெல்லிசு துணியில வடிகட்டி, சிரிஞ்சுல தானா இறங்குற வேகத்துலதான் விடுவேன், அழுத்த மாட்டேன். இருமல் வந்தா உடனே நிறுத்திடுவேன். கடைசியில வெந்நீர் ஆறவச்சு விட்டு ட்யூப்பைக் கழுவி மூடுவேன். இதை ஒருத்தர் பாத்துட்டுச் செஞ்சிட முடியுமா?

யார் யாருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாங்கன்னு எழுதி வைக்கணுமா? இல்லைன்னா நாளைக்குச் சண்டை வருமா?

கடைசியா ஒண்ணு, மறைக்காம கேக்குறேன். எங்க ஊர்ல தெருவுக்குத் தெரு புழக்கம் எப்படின்னு டெல்டாக்காரங்களுக்குத் தெரியும். காலனி அக்கா என் வீட்டுக்குள்ள வந்து உக்காருறதுல எனக்கு ஒரு தடையும் இல்லை. அவங்க மகனைப் பாத்துக்க நான் போறதுக்கும் தயார். ஆனா மத்த வீடுங்க என்ன சொல்லும்னு தெரியலை. காலனி அக்காவை விட்டுட்டு ஆரம்பிக்க எனக்கு மனசு ஒப்பலை. இப்படி எங்கயாவது நடத்திப் பாத்தவங்க இருந்தா சொல்லுங்க.

---

தென்னங்கீற்று (பேராவூரணி):

தங்கச்சி, நடத்திப் பாத்திருக்கோம். இன்னமும் நடந்துக்கிட்டு இருக்கு.

எங்க பக்கம் இதை யாரும் திட்டம் போட்டு ஆரம்பிக்கலை. கஜா புயல் ஆரம்பிச்சு வச்சுது. 2018 நவம்பர் 16, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுச்சு. எங்க தோப்புல நின்ன மரத்தை விரல் விட்டு எண்ணிடலாம். கரண்ட் வர வாரக்கணக்காச்சு. அம்மாவுக்கு முதுகெலும்புல அடிபட்டு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாம இருந்த நேரம். காத்து மெத்தை மோட்டார் ஓடாம சப்பையாப் போச்சு. மெத்தை வேலை செய்யலைன்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டியே ஆகணும், இல்லைன்னா புண்ணு வந்துடும். எங்களுக்கு ஓட்டு வீடு, பாதி ஓடு பறந்துடுச்சு. பின்தெரு அத்தை வீட்டுக்காரர் பக்கவாதம், எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. மூணு பேரையும் கட்டிலோட தூக்கிட்டுப் போய், தெருமுனையில இருந்த காங்கிரீட் வீட்டுக் கூடத்துல வரிசையாப் போட்டோம்.

அந்த வீட்டுல ராத்திரி ஒருத்தர் முழிச்சிருந்து, டார்ச் வச்சுக்கிட்டு மூணு பேரையும் புரட்டுவோம். மத்த ரெண்டு பேரும் தூங்குவோம். ஊரே இருண்டு கிடக்கு, வீடு போச்சு, தோப்பு போச்சு. ஆனா தங்கச்சி, எனக்கு வருஷக்கணக்கா கிடைக்காத தூக்கம் அந்தக் கூடத்துலதான் கிடைச்சுது. அம்மா இருமுனா நான்தான் எந்திரிக்கணும்ங்கிற நினைப்பு இல்லாம ஒரு ராத்திரி தூங்குறது எப்பேர்ப்பட்டதுன்னு உனக்குத் தெரியும். கரண்ட் வந்து அவங்கவங்க வீட்டுக்குப் போன பிறகு, அத்தைதான் "ராத்திரி முறையை மட்டும் விட்டுடாதீங்கடி"ன்னாங்க. அப்படியே நீண்டுடுச்சு.

எழுதி வைக்கணுமான்னு கேட்டிருக்கே. எங்க ஊர் மொய் விருந்து வைக்கிற ஊர். வந்தது போனது எல்லாத்தையும் நோட்டுல எழுதித்தான் எங்களுக்குப் பழக்கம். இதையும் அப்படித்தான் எழுதுனோம், யார் வீட்டுல யார், எத்தனை மணி நேரம்னு. ரெண்டாவது வருஷம் அத்தை வீட்டுக்காரர் இறந்துட்டார். நோட்டுல பாத்தா அத்தை எங்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் நிறைய நிக்குது. அதை அவங்ககிட்ட யார் பேசுவாங்க? நாங்க வாயே திறக்கலை. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட அவங்களே வந்து அம்மா பக்கத்துல உக்காந்தாங்க. "அத்தை, நோட்டுல இருக்குன்னு வந்தீங்களா?"ன்னு கேட்டேன். "நோட்டு கிடக்குதுடி. நாலு மணியானா அவருக்குக் கை கால் நீவி விடுற நேரம். கை சும்மா இருக்க மாட்டேங்குது"ன்னாங்க. அதோட நோட்டை எடுத்து வச்சுட்டோம்.

இதை நீ இப்பவே மனசுல வச்சுக்கணும். நாம பாத்துக்குற ஆள் ஒரு நாள் போயிடுவாங்க. அன்னைக்கு வீட்டுல கட்டில் காலியாகுது, ஆனா கத்துக்கிட்ட கைவேலை நம்மகிட்டயே இருக்கு. காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க கிளம்புனதும் அந்த வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க. அந்த மனுஷிக்கு அப்பத்தான் கூட்டம் வேணும். கூட்டத்துக்கும் அவங்களை மாதிரி கைதேர்ந்த ஆள் வேணும். என் அம்மாவும் போய்ச் சேந்துட்டாங்க. இப்ப நான் வேற ரெண்டு வீட்டுக்குப் போறேன். எங்கள்ல பாதிப் பேர் வீட்டுல இன்னைக்கு நோயாளி கிடையாது. அவங்களாலதான் இது ஓடுது.

காலனி அக்கா விஷயம். கஜா ராத்திரியில எங்க கூடத்துல எந்தத் தெருன்னு யாரும் கேக்கலை. கரண்ட் வந்த பிறகு ஒரு வீடு கேட்டுச்சு. "அவங்க வர்றதா இருந்தா நாங்க வரலை"ன்னாங்க. சரின்னுட்டோம். அவங்க போனாங்க, இவங்க இருந்தாங்க. நீ முதல் நாளே எல்லாரையும் ஒரே பாயில உக்காரவச்சு ஆரம்பி. பிறகு சேத்துக்கலாம்னு தள்ளிப் போட்டா அந்தப் பிறகு வரவே வராது.

---

அரசலாறு (கும்பகோணம்):

தென்னங்கீற்று அக்கா எழுதினதை வீட்டுல சத்தமா வாசிச்சேன், என் மனைவியும் கேட்டாங்க. ஆனாலும் அந்த நோட்டு விஷயத்துல எனக்குக் கருத்து வேற.

நான் எட்டு வருஷமா அப்பாவைப் பாத்துக்குறேன், அவருக்கு மறதி நோய். எங்க குழுவுல ஏழு வீடு. எழுதாம விட்டா என்ன ஆகுதுன்னா, வாய் உள்ளவங்க கேட்டு வாங்கிக்குறாங்க. கூச்சப்படுறவங்க "எனக்குப் பரவாயில்லை, நீங்க பாருங்க"ன்னு சொல்லியே மாசக்கணக்கா ஒரு மணி நேரம்கூட எடுக்க மாட்டாங்க. எங்க குழுவுல ஒரு மருமகப் பொண்ணு அப்படித்தான் இருந்துச்சு. அதனால நாங்க எழுதுறோம், ஆனா யார் கொடுத்தாங்கன்னு எழுதுறது இல்லை. இந்த வாரம் யாருக்கு ஓய்வு கிடைக்கலைங்கிறதை மட்டும் எழுதுறோம். ரெண்டு வாரம் ஒரு பேர் வந்தா அவங்க கேக்காமலே அவங்க வீட்டுக்கு ஆள் போகும். இதுல கடனும் இல்லை, பாக்கியும் இல்லை.

சகோதரி, உங்க ஊர் அண்ணனுக்கு ஒண்ணு சொல்லுங்க. மறதி நோய்க்காரங்க வீட்டுக்கு வாரத்துக்கு ஒரு ஆள்னு மாத்தி மாத்தி அனுப்பாதீங்க. அது அவங்களுக்குத் திகிலாயிடும். ஒரே ஆள், ஒரே கிழமை, ஒரே நேரம். முதல்ல சில தடவை மகன் வீட்டுல இருக்கும்போதே அந்த ஆள் வந்து சும்மா உக்காந்துட்டுப் போகட்டும். முகம் பழகுன பிறகு மகன் கொல்லைப்பக்கம் போகட்டும், அப்புறம் கடைத்தெரு, அப்புறம் வெளியூர்.

வர்ற ஆளுக்கும் ஒரு வேலை இருக்கணும். எங்க அப்பா நாச்சியார்கோவில்ல குத்துவிளக்குப் பட்டறையில வேலை பாத்தவர். என் பேர் அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனா பழைய விளக்கு ஒண்ணையும் ஊறவச்ச புளியையும் ஒரு துணியையும் முன்னாடி வச்சா, அடித்தட்டுலேருந்து ஆரம்பிச்சு, தண்டு, அகல், உச்சியில அன்னம்னு வரிசை மாறாம தேய்ப்பார். அன்னத்தோட கழுத்துக்கிட்ட வரும்போது துணியை முறுக்கி, நுனியை உள்ள விட்டு எடுப்பார். அதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முடிஞ்சதும் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாப்பார். செவ்வாய்க்கிழமை வர்ற ஐயா கூடவே உக்காந்து துடைப்பார், ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க. அப்பா வாசல் பக்கம் போறது அந்த நேரத்துல கிடையவே கிடையாது. மத்த நேரத்துல ஆத்துப் படித்துறைக்குப் போயிடுவாரோன்னு எங்களுக்கு எப்பவும் பயம். உங்க ஊர்ப் பெரியவர் என்ன வேலை பாத்தவர்னு கேட்டுவைங்க. வெத்தலைக் கொடிக்கால்காரரா இருந்தா வெத்தலை அடுக்கக் கொடுக்கலாம்.

இன்னொண்ணு. ஆம்பளைங்க நாலு பேராவது உங்க கூட்டத்துல வேணும். பெரியவரைக் குளிப்பாட்ட, தூக்கி உக்காரவைக்க, பெண்கள் மட்டுமே போனா ரெண்டு பக்கமும் சங்கடம். அப்பாவைப் பாத்துக்குற பிள்ளைங்க ஊர்ல இருக்கோம், வெளியில சொல்லிக்கிறது இல்லை. தேடுனா கிடைப்போம்.

ராத்திரி ரொம்ப மனசு கனத்தா 14416-க்குப் பேசுங்க. அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. நான் பேசியிருக்கேன்.

---

பொறையாத்துப் பையன்:

சின்ன விஷயம். வீல்சேர், கமோடு நாற்காலி, காத்து மெத்தை, வாக்கர் எல்லாம் ஆள் போன பிறகு பரண்ல ஏறிடுது, இல்லைன்னா பழைய சாமான்காரன்கிட்ட போயிடுது. எங்க ஊர்ல நூலகத்துக்குப் பின்னாடி ஒரு அறையில சேத்து வைக்கிறோம். வேணும்ங்கிறவங்க எடுத்துட்டுப் போய், முடிஞ்சதும் டெட்டால் போட்டுத் துடைச்சுக் கொண்டுவந்து வைக்கணும். மெத்தையில ஓட்டை இருந்தா சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டிக் கொடுத்துடுறார். முதல்ல இதை ஆரம்பிங்க அக்கா. சாமான் வாங்க வர்றவங்கதான் அப்புறம் பேச உக்காருறாங்க.

---

ஓய்வு பெற்ற செவிலியர் (திருத்துறைப்பூண்டி):

அன்பு மகளே, நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ட்யூப் பற்றி நீ எழுதியிருக்கும் முறை சரியாக இருக்கிறது, அப்படியே தொடர். ஆனால் அதைப் புதியவரிடம் இப்போதைக்குக் கொடுக்காதே, கொடுக்க வேண்டிய தேவையும் வராது. நீ கஞ்சி கொடுத்து முடித்து, அரை மணி நேரம் தலைமாட்டை உயரமாகவே வைத்திருந்து, அதன் பிறகு கிளம்பு. அடுத்த வேளைக்கு முன் திரும்பி விடலாம். இடையில் உட்காருபவர் செய்ய வேண்டியது ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, ஈரமாக இருந்தால் துணி மாற்றுவது, இவ்வளவுதான். ட்யூப் தப்பித் தவறி வெளியே வந்துவிட்டால் யாரும் உள்ளே தள்ளக் கூடாது, அதன் வழியாக எதுவும் ஊற்றவும் கூடாது. செவிலியரையோ ஆஸ்பத்திரியையோ அணுக வேண்டும். வாந்தி எடுத்தால் உடனே ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், மூச்சுத் திணறினால் 108. இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டு. சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாத மருந்து, உன் கணவர் எண், எல்லாம் அதே தாளில் இருக்கட்டும்.

புரட்டுவதை எல்லோரும் ஒரு நாள் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். பழைய போர்வையை நான்காக மடித்து இடுப்புக்கும் முதுகுக்கும் அடியில் விரித்து, இருவர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். தோலை இழுத்து நகர்த்தினால் புண் அங்கேயே தொடங்கும். ஒவ்வொரு முறையும் குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி, பின்மண்டை நான்கையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அந்தப் பக்கம் பாரம் விழாமல் படுக்க வைத்துச் செவிலியரிடம் காட்டு. அங்கே எண்ணெய் விட்டுத் தேய்க்காதீர்கள். நம் ஊரில் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

உன் பெரியம்மா வீட்டுக்குப் போகிறவருக்கு ஒரு எச்சரிக்கை. நடுக்குவாத மாத்திரை நேரம் தவறக் கூடாது. அரை மணி நேரம் தாமதமானாலும் சிலருக்கு உடல் இறுகிப் போய் எழுந்திருக்கவே முடியாது. பெரியம்மா வரட்டும் என்று காத்திருக்காமல், உட்காருபவரே அலாரம் வைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

அரசு வழியில் கிடைப்பதையும் கேட்டுப் பெறுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டில் கொடுப்பதோடு இயன்முறைச் சிகிச்சையும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான ஆதரவுச் சிகிச்சையும் அதில் உண்டு. இயன்முறைச் சிகிச்சையாளர் உன் வீட்டுக்கு வருகிறாரா என்று நீ எழுதவில்லை. வரவில்லை என்றால் கேள். அவர்கள் வரும்போது உன் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல். நோயாளியின் சீட்டில் எண்கள் அழகாக வரிசையாக இருக்கும், பார்த்துக்கொள்ளும் மருமகளுக்குச் சீட்டே இருக்காது. என் பணிக்காலம் முழுக்க நான் கண்டது இது. 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் உள்ளவர்களைச் சம்பளமில்லாமல் கவனித்துக்கொள்ளும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம் செலவிடுவதாக வந்தது. குழந்தை வளர்ப்பும் அதில் அடக்கம். படுக்கை நோயாளி உள்ள வீட்டில் காலைப் பொழுதிலேயே 134 நிமிடம் முடிந்துவிடும். அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் தனியாக நிற்பதில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயலாமைகளின் பட்டியல் 7-லிருந்து 21 ஆனது. நடுக்குவாதமும் அதில் இருக்கிறது. கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2000 ரூபாய். உன் மாமியாருக்கும் பெரியம்மா கணவருக்கும் மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். இதற்கெல்லாம் ஒரு முழு நாள் திருவாரூர் போக வேண்டும். உங்கள் முறை வைக்கும் ஏற்பாட்டின் முதல் பயன் இதுவாகவே இருக்கட்டும்.

அந்தக் காலனி அம்மாவுக்கு அவசியம் சொல். மகனுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டதால், அவருக்காகச் சட்டப்படி முடிவெடுக்கும் உரிமை தாய்க்குத் தானாகத் தொடராது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன் கீழ் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குச் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கலாம். அந்த நியமனத்தைச் செய்யும் உள்ளூர்க் குழுவுக்கு மாவட்ட ஆட்சியர்தான் தலைவர். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம்.

கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-இல் ஒரு சிறிய மருத்துவ அறையில் தொடங்கிய ஆதரவுச் சிகிச்சை, பிறகு மலப்புறம் பக்கம் ஊர் ஊராகப் பரவியது. அக்கம்பக்கத்தார் பயிற்சி எடுத்துக்கொண்டு வாரத்தில் சில மணி நேரம் நோயாளி வீடுகளுக்குப் போகிறார்கள், செவிலியர் பின்னால் துணை நிற்கிறார். உங்கள் ஐந்து வீடும் அந்த வழியில்தான் போகிறது. ஒரு வேண்டுகோள்: மகளிர் குழு மாதிரி சந்தா, சேமிப்பு, கடன் என்று பணத்தை இதில் கலக்காதீர்கள். வட்டி வந்தால் நேரம் பின்னால் போய்விடும்.

---

வெண்ணாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. பதில் போட நாளாயிடுச்சு, மாமியாருக்குச் சளி கட்டியிருந்துச்சு. இப்பத் தேவலாம்.

தென்னங்கீற்று அக்கா சொன்ன மாதிரி அஞ்சு வீட்டையும் ஒண்ணாவே கூப்பிட்டேன். எங்க வீட்டுக் கூடத்துல, மாமியார் கட்டில் பக்கத்துலயே பாய் விரிச்சு உக்காந்தோம். பெரியம்மா முதல்ல வாசல்லயே நின்னாங்க. காலனி அக்கா மகனைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு ஆட்டோவுலேருந்து இறங்கும்போது கால் தடுமாறுச்சு. பெரியம்மாதான் ஓடிப் போய் அந்தப் பையனோட இடுப்பைப் பிடிச்சாங்க. அப்படியே உள்ள வந்து அவன் பக்கத்துலயே உக்காந்துட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எழலை. நாளைக்கு ஊர்ல எழலாம். எழுந்தா பாத்துக்குவோம்.

போர்வை வச்சுப் புரட்டுறதை நர்ஸம்மாவே வந்து காட்டிக் கொடுத்தாங்க. எங்கள்ல நல்லாப் புரட்டுறது காலனி அக்காதான். பத்தொன்பது வருஷமாத் தூக்குன கை. இத்தனை நாள் நான் ஒத்தையா இழுத்து முதுகு வலிச்சதுக்கு, முழங்காலைக் கட்டில்ல முட்டுக் கொடுக்கணும்னு அவங்கதான் சொன்னாங்க.

கும்பகோணம் அண்ணே, உங்க நோட்டு முறையைத்தான் எடுத்துக்கிட்டோம். யாருக்கு ஓய்வு கிடைக்கலைன்னு எழுதுறது காலேஜ் பொண்ணோட பொறுப்பு. மறதி நோய்ப் பெரியவர் மதகு திறக்குற வேலையில இருந்தவராம். அவருக்கு என்ன கொடுக்குறதுன்னு யோசிக்கிறோம், உங்களுக்கு எதாவது தோணுனா சொல்லுங்க.

செவிலியர் அம்மா, இயன்முறை ஆள் வரலைங்கிறதைக் கேட்டுட்டேன், பேர் எழுதிக்கிட்டாங்க. புதன்கிழமை அண்ணன் எங்க வீட்டுல உக்காருறார். நானும் காலனி அக்காவும் சேந்து திருவாரூர் போறோம். காப்பாளர் விண்ணப்பத்துக்கு என்னென்ன காகிதம் கொண்டு போகணும்னு மட்டும் சொல்லுங்கம்மா.

---

அரசலாறு:

மதகுக்காரரா? பழைய நீர் வரத்துப் பதிவேடு மாதிரி ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும் கொடுத்துப் பாருங்க. ஜூன் 12 மேட்டூர் திறந்தா கல்லணைக்குத் தண்ணி எப்ப வரும், உங்க வாய்க்காலுக்கு எப்ப வரும்னு கேளுங்க. எங்க அப்பாவுக்கு விளக்கு மாதிரி, அவருக்கு அது உள்ளேயே இருக்கும்.

---

ஓய்வு பெற்ற செவிலியர்:

பையனின் ஊனமுற்றோர் அடையாள அட்டை, மருத்துவச் சான்று, பிறந்த தேதிக்கான சான்று, தாய், மகன் இருவரின் ஆதார், குடும்ப அட்டை, புகைப்படங்கள். எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துப் போ. கணவர் இருந்தால் அவர் கையெழுத்தும் கேட்பார்கள். வேறு ஏதாவது படிவம் வேண்டுமென்றால் அலுவலகத்திலேயே எழுதி வாங்கிக்கொள், வாய்மொழியாகச் சொன்னதை நம்பித் திரும்பி வராதே. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன் போய்ச் சேருங்கள்.